சனிக்கிழமை போனவரின் நாய்

செங்கல்வராயன் இறந்தது ஒரு புரட்டாசி சனிக்கிழமையில். ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் தெருவுக்கு அது பெரிய சங்கடம். சனிக்கிழமையில் உயிர் போனால் அது துணை தேடும், அதே தெருவிலிருந்து இன்னொருவரை அழைத்துக்கொள்ளும் என்று நகரி பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதனால் பாடையில் உயிருள்ள கோழி ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். இதோ உனக்குத் துணை, வேறு யாரையும் தேடாதே என்று இறந்தவருக்குச் சொல்வதுபோல.

அன்றும் கட்டினார்கள். பாடை தெருமுனை திரும்பும்போது, அதுவரை சத்தமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய நாய் பாய்ந்து கோழிக் கயிற்றைக் கவ்வி இழுத்தது. கயிறு அறுந்தது. கோழி பக்கத்துத் தறிக்கொட்டகைக் கூரைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போயே போய்விட்டது. புரட்டாசி சனி என்பதால் கறிக்கடை மூடியிருந்தது. கோழி வளர்க்கிற வீடுகளில் கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தேங்காயைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

“தேங்கா எப்படிப்பா பேச்சுத் துணைக்கு ஆவும்?” என்று பாடை தூக்கியவர்களில் ஒருவர் கேட்டார். சிரிக்கவைப்பதற்காகத்தான் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும் நேரத்தில் அந்த நாய் மனோரமா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது.

நான் சொல்ல வந்தது மனோரமா அக்காவைப் பற்றித்தான். புத்தூரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். ஐம்பதை நெருங்குகிறார். கணவர் தனசேகருக்கு வீட்டை ஒட்டி நான்கு விசைத்தறிகள். வந்த நாளிலிருந்து அக்காதான் அவற்றின் நடுவில் நிற்கிறார். இழை அறுந்தால் முடிய வேண்டும், குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் நூல் சுற்றிய வேறு தார்க்குச்சி போட வேண்டும். கைகளுக்கு ஓயாத வேலை. கால்களுக்கு நிற்பது மட்டும்தான். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் அக்கா எதையும் கத்தித்தான் பேசுவார். தடா பக்கம் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் அவர் மகள் மோனிகா, “எங்கம்மா பேசறதுக்குப் போனே தேவையில்ல, ஜன்னலைத் தெறந்தா போதும்” என்பாள்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களிலும் எரிச்சல், அப்புறம் மரமரப்பு. திருப்பதியில் பார்க்கிற டாக்டர் யமுனா ஒவ்வொரு முறையும் ஒன்றையேதான் சொல்வார்.

“ரோஜூ நடவாலம்மா. தினமும் நடக்கணும். நடக்கலைன்னா மாத்திரை தாங்காது, ஊசிதான். கால்ல புண்ணு வந்துச்சின்னா விரலை எடுக்கற வரைக்கும் போகும்.”

“நாள் பூரா நின்னுக்கினுதானே மேடம் இருக்கறேன்!” என்று அக்கா கத்துவார்.

“நிக்கிறது நடக்கிறது ஆகாதும்மா. மெதுவாப் பேசுங்க, வெளியில இருக்கறவங்க எல்லாம் உங்க சுகர் எவ்ளோன்னு கேட்டுக்கினு இருக்காங்க.”

ஆனால் அக்கா நடக்கவில்லை. சோம்பல் மட்டும் காரணமில்லை. எங்கள் தெருவில் ஒரு பொம்பளை கையில் குடமோ பையோ இல்லாமல் சும்மா நடந்துவிட முடியாது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், வீட்டில் சண்டையா என்று வாசலுக்கு வாசல் பதில் சொல்ல வேண்டும். நடப்பதற்காக நடக்கிறேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாயை வைத்து நடந்தவர் செங்கல்வராயன் ஒருவர்தான். தனசேகருக்குச் சித்தப்பா முறை, அக்காவுக்கு மாமா. பக்கத்து வீடு, தனி ஆள். ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸுக்குள் குனிந்தே நின்று பழகிய நெட்டை மனிதர். முதல் முறை நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிவந்து அதற்குக் கருப்பன் என்று பெயர் வைத்தார். “டாக்டர் நடன்னு சொன்னா நான் மறந்துருவேன். இவன் மறக்கவுட மாட்டான்” என்றார். அப்படியே ஆயிற்று. வருஷக்கணக்காக, விடிந்தும் விடியாமலும் அந்த வெள்ளைக் கருப்பன் முன்னால் போக, அவர் பின்னால் போவார். டாக்டர்கள் கொடுத்த கெடுவைத் தாண்டி வெகுகாலம் இருந்தார். நெஞ்சு இரண்டாம் முறை வலித்தபோதுதான் போனார்.

இப்போது அந்த நாய் அக்கா வீட்டு வாசலில். குரைக்கவில்லை. சோறு போட்டால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

“ச்சீ போ! உங்காளு போயிட்டாருடா!” என்று அக்கா துடைப்பத்தோடு விரட்டினார். அது தெருமுனைவரை போய்த் திரும்பி நின்றது. அக்கா அங்கேயும் போய் விரட்டினார். அது பாலையா டீக்கடைவரை போய் நின்றது. இப்படியே விரட்டி விரட்டி, கையில் துடைப்பத்தோடு அக்கா ரயில்வே கேட்டைத் தாண்டி, குசஸ்தலை ஆற்றங்கரைவரை போய்விட்டார். அங்கே ஒரு கல் பலகை. அதன் அருகே நாய் உட்கார்ந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அவரும் உட்கார்ந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. எதிர்க்கரையில் சுடுகாடு. முந்தின நாளின் சாம்பலிலிருந்து இன்னும் லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போதுதான் அக்கா கவனித்தார். நாய் வழியில் சில இடங்களில் நிற்கிறது. செங்கல்வராயன் யாரோடாவது நின்று பேசும் இடங்கள் அவை. நின்று, தலையை உயர்த்தி மேலே பார்க்கிறது. மரத்தையோ பறவையையோ அல்ல. ஒரு நெட்டை மனிதரின் முகம் இருக்கும் உயரத்தில், காற்றைப் பார்க்கிறது. பேச்சு முடியும்வரை காத்திருப்பதுபோல் காத்திருந்துவிட்டு மறுபடி நடக்கிறது.

டீக்கடையில் பாலையா அடுப்பைப் பார்த்தபடியே, நாயின் காலடிச் சத்தத்துக்குச் சர்க்கரை போடாத டீ ஒன்றை ஆற்றிப் பலகையில் வைத்தார். வைத்தபிறகுதான் நிமிர்ந்தார்.

“அய்யோ ராமா” என்றார். “அலவாட்டு அக்கா, பழக்கத்துல வெச்சிட்டேன். நீ ஏங்க்கா இதுகூட வர?”

“நான் எங்க வந்தேன்? இதான் என்னைக் கூட்டிக்கினு வந்துச்சி!”

அக்கா சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மறுநாளும் நாய் வந்தது. அடுத்த நாளும் வந்தது. அக்கா துடைப்பத்தை விட்டுவிட்டார். யாராவது எங்கே என்று கேட்டால், “இந்தச் சனியனை ஆத்தாண்ட வுட்டுட்டு வரேன்” என்று சொல்ல முடிந்தது. முதல்முறையாக அவருக்கு நடக்க ஒரு காரணம் கிடைத்தது. பாத எரிச்சல் குறைந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. மாடிப்படியில் நூல் மூட்டையைத் தூக்கும்போது முன்போல் இரைப்பில்லை. ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

தெரு அதைத்தான் பார்த்தது.

“அண்ணி, கண்ணாடியில பாத்தியா?” என்று தனசேகரின் தங்கை தேவசேனா ஒருநாள் வந்து கேட்டார். “கன்னம் உள்ள போயிக்கினு கீது. கழுத்தெலும்பு தெரியுது. கொஞ்சம் கொஞ்சமா உன்னைத் துன்னுக்கினு வராரு அவரு.”

“யாருடி துன்றாரு?”

“கோழியை அவுத்துவுட்டது யாரு? அந்த நாயி. கோழி வாணாம், நான் ஆளு பாத்துத் தரேன்னு அது ஏத்துக்கினு இருக்குது. எத்தினி வாசல் கீது, உன் வாசல்ல ஏன் வந்து நிக்கணும்?”

உண்மையில் அக்காவுக்கும் அந்தக் கேள்விதான். அதற்குள் ஆற்றங்கரைப் பாதையில் இன்னொன்று நடக்கத் தொடங்கியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும், திடீரென்று பின்கழுத்து வியர்க்கும். பனி விழுகிற காலையில் ரவிக்கை நனையும். கை நடுங்கும். பாதையின் இரண்டு பக்கமும் மங்கலாகி நடுவில் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அப்போது பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். அருகில் நின்று மெதுவாகப் பேசினாலே கேட்காத காதில், மண்ணில் தேய்ந்து தேய்ந்து வருகிற ஆண் செருப்புச் சத்தம். ஒருநாள் முன்னால் வெள்ளை வேட்டி ஒன்று போவதையும் பார்த்தார். நாய் அதன் பக்கத்தில், தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அக்கா அப்படியே நின்று, சூரியன் வந்தபின் வீடு வந்து, மோரும் பழைய சோறும் சாப்பிட்டதும் நடுக்கம் நின்றது. சாப்பிட்டால் போய்விடுகிற பேய் என்று ஒன்று உண்டா என்று அவர் யோசித்தாராம். ஆனாலும் மறுநாள் போனார். ஏன் என்று பின்னால் நான் கேட்டபோது சொன்னார்: “பயமாத்தான் இருந்திச்சி. ஆனா நடந்தாத்தான் காலு என் காலா இருக்குது. நடக்கலைன்னா யார் காலோ மாதிரி ஆயிடுது. ரெண்டுல எதுக்குப் பயப்படறது?”

கார்த்திகை பிறந்தபின் ஒரு காலையில் அவர் கல் பலகைக்குப் போய்ச் சேரவில்லை. பால் கேனோடு டி.வி.எஸ்.ஸில் வந்த பாலையா, பாதையின் நடுவில் நாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஹாரன் அடித்தும் நகரவில்லை. அது அவரைப் பார்க்கவே இல்லை. மேலே, ஆள் உயரத்துக் காற்றைப் பார்த்து முதல்முறையாக உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் புல்லில் அக்கா கிடந்தார். வாய் கோணி, உடம்பெல்லாம் வியர்வை. பாலையாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியில் விற்க எடுத்துப்போன பெரிய பிளாஸ்கில் சர்க்கரை டீ இருந்தது. தண்ணீர் இல்லாததால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் விட்டார். அக்கா சப்புக்கொட்டினார். பிறகு கண் திறந்து, “மாமா எங்க?” என்று கேட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதும். மத்தியானத்துக்குள் தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. செங்கல்வராயன் வந்தார், பாதி வழி கூட்டிப்போனார், பாலையா குறுக்கே வந்ததால் விட்டுவிட்டார். அடுத்தமுறை விடமாட்டார்.

தனசேகர் அதிகம் பேசாத ஆள். அன்று சாயங்காலமே சூளூர்பேட்டைக்குத் துணி மூட்டை ஏற்றிப்போகிற வேனில் கருப்பனை ஏற்றினார். டிரைவர் சிரஞ்சீவியிடம், “ஏரிப் பக்கம் எங்கியாவது வுட்டுடுப்பா. திரும்பி வரக்கூடாது” என்றார். நாய் ஏற மறுக்கவில்லை. மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுக்கொண்டது என்று சிரஞ்சீவி பின்னால் சொன்னார்.

தேவசேனா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், கையில் கயிறு கட்டினார். விடியலில் அக்கா வாசல் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. டாக்டரைப் பார்க்கத் திருப்பதிக்குப் போகவேண்டிய மாதமும் தள்ளிப்போனது. தறி, சோறு, தூக்கம். கொஞ்ச நாளில் கன்னம் திரும்ப வந்தது. ஜாக்கெட் பிடித்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்.

“இப்பத்தான் அண்ணி நீ ஆளா இருக்கற. மூஞ்சியில களை வந்துடிச்சி” என்றார் தேவசேனா.

அக்காவுக்குத் தாகம் அடங்கவில்லை. பாதம் முதலில் எரிந்தது, பிறகு எரிவதும் நின்றது. ஒரு பகலில் கரண்ட் போய் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. தெருவே காது அடைத்ததுபோல் ஆகிவிட்ட அந்த அமைதியில் அவர் தரையைப் பார்த்தார். தறிக்கொட்டகைச் சிமென்ட் தரையில் ஈரமான காலடிகள். சிவப்பாக. ஒரு கால் மட்டும். தறிக்குத் தறி போய், திரும்பி, அவர் நிற்கும் இடம்வரை வந்திருந்தன. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அக்கா மூலை மூலையாகத் தேடினார். தேடத் தேடக் காலடிகள் கூடிக்கொண்டே போயின.

அவருடைய கால்தான். உடைந்த தார்க்குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை.

மறுநாள் காலை தனசேகர் அவரைத் திருப்பதிக்கு அழைத்துப்போனார். டாக்டர் யமுனா புண்ணைப் பார்த்துச் சுத்தம் செய்தார். ரத்தப் பரிசோதனை வந்ததும் முகம் சுருங்கிற்று.

“நடுவுல ஏதாவது மயக்கம் வந்துச்சா?”

தனசேகர் கீழே பார்த்தார். அக்கா சொன்னார். வியர்வை, நடுக்கம், செருப்புச் சத்தம், வேட்டி, பாலையா ஊற்றிய டீ, எல்லாவற்றையும். அவருக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாகவே சொன்னார். வெளியே வரிசை முழுக்க அமைதியாகிவிட்டது.

“மாத்திரை எப்ப போட்டுக்கினீங்க?”

“எழுந்ததும் போட்டுக்கினு நடக்கப் போவேன்.”

“சாப்பிடாம?”

“வந்துதான் சாப்பிடுவேன்.”

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். “அம்மா, நடக்காத ஒடம்புக்குன்னு கணக்குப் பண்ணிக் குடுத்த மாத்திரை அது. நீங்க நடந்ததும் ஒடம்பே சர்க்கரையைச் செலவு பண்ண ஆரம்பிச்சிடுச்சி. அதுமேல மாத்திரையும் வேலை செஞ்சி, வயிறும் காலி. சர்க்கரை ரொம்பக் கீழ போயிடுச்சி. அப்ப வேர்க்கும், நடுங்கும், இல்லாதது தெரியும், கேக்கும். பாலையா குடுத்த டீதான் உங்களைக் காப்பாத்துச்சி. நடக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையைக் கொறச்சிருப்பேனே. ஏன் சொல்லல?”

“செத்தவரு நாயோட நடக்கறேன்னு எப்படி மேடம் சொல்றது?”

டாக்டர் சிரிக்கவில்லை. “இளைச்சது நோவு இல்லம்மா. அது கொணம். இப்ப ஏறியிருக்குதே, இதான் நோவு. புண்ணு ஆறட்டும். ஆறினதும் நடந்தே ஆகணும். இல்லைன்னா இந்தக் கால் நிக்காது.”

தனசேகர் மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துகொள்ளும்போது அக்கா கேட்டார்:

“சர்க்கரை கொறஞ்சது எனக்கு மேடம். நாய்க்கு இல்லியே. அது எதைப் பாத்துச்சி?”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார். அழுத்தவில்லை. “அது எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விரல் தப்பியது. மாத்திரை குறைந்தது, நடக்கும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. அக்கா தனியாக நடக்கப் பார்த்தார். தெருமுனையோடு திரும்பினார். கால் போக மறுத்தது. பயம் ஒரு பக்கம், எங்கே போகிறாய் என்ற கேள்வி ஒரு பக்கம். தனசேகர் துணைக்கு வருகிறேன் என்று சொல்லி, எழுப்பினால் புரண்டு படுத்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா தனசேகரிடம் சொன்னார்: “அந்த நாயி எனக்கு வேணும்.”

“இன்னாமே பேசற? அது உன்னைக் கூட்டிக்கினு போறதுக்கு வந்தது.”

“கூட்டிக்கினு போனா ஒரேயடியாப் போவேன். போகலைன்னா காலு வெரலு வெரலாப் போவும். நீயே சொல்லு, எது பரவால்ல?”

தனசேகர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அப்புறம் சிரஞ்சீவிக்குப் போன் செய்தார்.

அக்காவே வேனில் சூளூர்பேட்டை போனார். சிரஞ்சீவி நாயை ஏரிப் பக்கம் விடவில்லை. மனசு வராமல், தான் இருக்கும் குடோனிலேயே வைத்திருந்தார். “தொல்லை ஒண்ணும் இல்லக்கா. வெடியக்காலையில தானாப் போவுது, தானா வருது. ஆனா இங்க அதுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அப்படி இருந்தும் அங்கங்க நின்னு மேல பாத்துட்டுத்தான் போவுது. எங்க ஆளுங்க அது வர நேரத்துல அந்தப் பக்கமே போறதில்ல” என்றார். அக்காவைப் பார்த்ததும் கருப்பன் வாலை ஆட்டவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் அக்கா இட்லி சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மடியில் இரண்டு சாக்லேட் முடிந்துகொண்டு கிளம்பினார். தேவசேனா வாசலில் நின்று அழுதார். “அண்ணி, வாணாம். தெரிஞ்சே போறியே” என்றார். அக்கா அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார்.

ரயில்வே கேட்டைத் தாண்டிய இடத்தில் வியர்க்கவில்லை. கை நடுங்கவில்லை. பாதை இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. செருப்புச் சத்தமும் இல்லை. நாய் மட்டும் நின்றது. தலையை உயர்த்தி மேலே பார்த்தது.

அக்காவும் நின்றார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த உயரத்தைப் பார்த்து, பல வருஷங்களில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

“மாமா, நான் நடக்க வந்தேன். உங்ககூட வர வரல.”

அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஆற்றுக்கு. இன்னொன்று மாந்தோப்புகளுக்கு நடுவில் மலைப் பக்கம் போகும். செங்கல்வராயன் அந்த வழியில் போனதே இல்லை. அக்கா அதில் திரும்பினார். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தார். தோப்பு வேலி ஆரம்பிக்கும் இடத்தில் நாய் வந்து சேர்ந்தது.

ஒட்டி நடக்கவில்லை. அக்காவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு நடந்தது. அக்கா அதைப் பார்த்தார். நடையைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.